எட்டாவது கட்டத்தில் ஒரு டிக்

அக்கா மகன் படிக்கும் முகப்பேர் பள்ளியிலிருந்து போன வாரம் ஒரு படிவம் வந்தது. வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்குகிறார்களாம். பிள்ளைகள் அதில் எழுதுவதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்க வேண்டுமாம். அக்கா அதை அப்படியே எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு, "நீதான கம்ப்யூட்டர்ல கீற, படிச்சிட்டு சொல்லு" என்றாள்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மென்பொருள் சோதிக்கும் வேலை. மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்து வரிசை எண் போட்டு அனுப்புவது. அதனால் படிவத்தை ஆசையாகவே திறந்தேன். முழுப்பெயர் கூடாது, வீட்டு முகவரி கூடாது, முகம் தெரியும் படம் கூடாது, அடுத்தவரைக் கேட்காமல் அவரைப் பற்றி எழுதக் கூடாது. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் எனக்கு சாக்ஸ் நாற்றம் அடித்தது.

சிரிக்காதீர்கள். ஆவடியில் நான் ஒன்பதாவது படித்த பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்குள் ஷூ போட்டுப் போகக் கூடாது. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. நாற்பது பேரின் ஷூ வாசலில், நாற்பது பேரின் சாக்ஸ் உள்ளே, மூடிய ஜன்னல், ஏசி. எங்கள் வகுப்பு வலைப்பூ அந்த மணத்தில்தான் பிறந்தது.

கம்ப்யூட்டர் மிஸ் எல்லாரையும் புனைபெயரில்தான் எழுத வைத்தார். சண்டை வரக் கூடாதென்று பழங்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார். எனக்கு வந்தது சப்போட்டா. பின்வரிசை தினேஷ் அந்த வருடம் முழுக்க, "இன்னா சப்போட்டா, பழுத்துட்டியா?" என்றுதான் காலை வணக்கம் சொன்னான். என் பக்கத்து இருக்கை தேன்மொழிக்குக் கொய்யா.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். வீட்டுக்குள் மதுரைப் பேச்சு, நெல்லைப் பேச்சு. கேட்டைத் தாண்டினால் எல்லாருக்கும் ஒரே மெட்ராஸ் பேச்சு. இந்தப் படிவத்தில் இருப்பது போன்ற ஏழு விதிகளோடு, எங்களுக்காகவே மிஸ் எட்டாவதாக ஒரு விதி சேர்த்திருந்தார்: அப்பா அம்மா வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குள் நடப்பது எதையும் எழுதக் கூடாது.

முதலில் தாளில் எழுத வேண்டும். அதை ஒரு சரிபார்ப்பாளர் படித்து, விதிக்கு ஒன்றாக எட்டுக் கட்டத்திலும் பென்சிலால் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே மிஸ் வலையில் ஏற்றுவார். எங்கள் வரிசைக்குச் சரிபார்ப்பாளர் நான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்றால், வீட்டிலேயே இரண்டு பென்சில் சீவிக் கொண்டுபோவேன். சில வாரங்களில் மிஸ் என் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தார். "நீ பாத்தியா? அப்ப சரி."

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் எங்களுக்குப் பின்னூட்டம் இடுவார்கள். அங்கேதான் என் வயிற்றெரிச்சல் தொடங்கியது. நான் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருவதைப் பற்றிப் பத்துக் குறிப்புகள் எழுதினேன். நேரம், குடங்களின் எண்ணிக்கை, வரிசையின் நீளம், எதையும் விடவில்லை. வந்தவை இரண்டு பின்னூட்டங்கள். ஒன்று மிஸ் எழுதியது, இன்னொன்று மிஸ்ஸுக்கு நான் சொன்ன நன்றி. அதே வாரம் தேன்மொழி மழையில் நனைந்த தன் சீருடை காயாத கதையை எழுதினாள். ஒன்றுமே நடக்காத கதை. அதற்குப் பதினெட்டு. "கொய்யா அடுத்து எப்போது எழுதுவார்?" என்று கேட்டவர்கள் வேறு.

அவளிடம் கர்வம் கொஞ்சமாவது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "எனக்கு உன்ன மாதிரி ஒழுங்கா எழுத வர்லடி" என்பாள், எழுதியதை இடைவேளை மணிக்கு முன் என்னிடம் தள்ளிவிட்டு. உண்மையாகவே அப்படி நினைத்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தந்த தாள் இப்படித் தொடங்கியது: "சங்கு ஊதினால் எங்கள் தெருவுக்கு நானூறு சைக்கிள் வரும். நானூறிலும் எங்கள் அப்பா சைக்கிளின் செயின் கவர் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும்." படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நானும் அதே தெருதான். எனக்கும் அதே ஷிப்ட் சங்குதான் ஊதியது. நான் தண்ணீர்க் குடங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆறாவது வரியில் இருந்தது: "இந்த மாதம் அந்தச் சத்தம் வருவதில்லை. அப்பா பிரிவில் புது வண்டி செய்கிறார்கள். அது வெளியே போகும்வரை இரண்டு ஷிப்ட்."

எட்டாவது விதி. எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவளைப் பொறுத்தவரை அது சைக்கிளைப் பற்றிய கட்டுரை. "ஆறாவது வரிய எடுத்துடு" என்று சொல்ல அரை நிமிடம் போதும். எடுத்தாலும் அந்தக் கட்டுரை அப்படியே நிற்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. எட்டுக் கட்டத்திலும் டிக் போட்டேன். கையெழுத்திட்டேன். மிஸ் திட்டுவார், கொஞ்ச நாள் இவள் எழுத மாட்டாள். என் கணக்கு அவ்வளவுதான்.

முப்பத்தொரு பின்னூட்டம் வந்தது. அடுத்த வாரம் யாரோ ஒரு பையனின் அப்பா அதைப் படித்துத் தொழிற்சாலை அலுவலகத்தில் சொல்லிவிட்டார். தேன்மொழியின் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்து, விளக்கம் எழுதி வாங்கினார்கள். பதிவை அழித்தார்கள். இரண்டே நாளில் வலைப்பூவையும் மூடினார்கள். மிஸ் வகுப்பில் நின்று, "நான்தான் சரியா பாக்கல" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

வாசலில் ஷூ மாட்டும்போது தேன்மொழி கேட்டாள்: "நீ படிச்ச இல்ல? உனக்கும் தெரியல இல்ல?"

"தெரியலடி."

"எனக்கே தெரியல, உனக்கு எப்டி தெரியும். வுடு." லேஸை இழுத்து முடிந்தாள். "எங்கப்பா திட்டவே இல்லடி. திட்டிருந்தா பரவால்ல."

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. தமிழ்க் கட்டுரையில்கூட நோட்ஸில் இருப்பதை அப்படியே வைத்தாள். பத்தாவதில் தமிழில் நான் அவளைவிட ஒன்பது மதிப்பெண் அதிகம். அந்த ஒன்பதைச் சாப்பிடவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இப்போது அந்தத் தெருவில் சைக்கிள் கிடையாது. சங்கு ஊதினாலும் பைக்கும் ஸ்கூட்டரும்தான். குவார்ட்டர்ஸில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் வலைப்பூ இருந்த முகவரியைத் தட்டினால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது. வேலை தெரிந்தவள் என்பதால் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இடங்களிலெல்லாம் தேடியும் பார்த்தேன். எங்கும் இல்லை.

அக்காவின் படிவத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் போட்ட பிறகு தேன்மொழிக்குப் போன் செய்தேன். ஐயப்பன்தாங்கலில் இருக்கிறாள், வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அவள் அப்பா தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது.

"அத்த இன்னும் ஞாபகம் வச்சிகினு கீறியா நீ?" என்று சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. "நான் அதுல இன்னாடி எழுதினேன்? அப்பா சைக்கிள் பத்தி ஏதோ. அதோட சத்தம் எப்டி இருக்கும்னு பொண்ணு கேக்கறா, எனக்கு சொல்ல வர்ல. உனக்கு ஒரு வரியாவது ஞாபகம் கீதா?"

பன்னிரண்டு வரி அது. வாயைத் திறந்தேன்.

"இல்லடி. ரொம்ப நாளாச்சில்ல."

"ஆமா, இன்னா பண்றது" என்றாள்.

போனை வைத்த பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. அப்படி ஒரு வரி எனக்கு இன்றுவரை எழுத வந்ததில்லை.