குமிழி தின்ற இரும்பு

உத்தமபாளையத்து இத்ரீஸ் பதினாறு வருடம் ஒரு தனியார் நீர்மின் நிலையத்தில் வெல்டராக இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரை அடைத்ததும் டர்பைனுக்குள் ஒருக்களித்துப் படுத்து, பிளேடுகளில் அம்மைத் தழும்பு போல விழுந்திருக்கும் குழிகளைப் பற்றவைத்து நிரப்பி, வழவழவென்று தேய்த்துக் கொடுப்பார்.

மூன்று வருடமாகக் குழிகள் சீக்கிரமே விழுந்தன. மேலாளர் ஈஸ்வரபாண்டி “வெல்டிங் மட்டம்” என்று எழுதி, வேலையை விட்டு நிற்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

நோட்டீஸ் கெடு முடியுமுன் தேனிக் கல்லூரியிலிருந்து தேவயானி என்ற ஆய்வு மாணவி வந்தாள். டர்பைனுக்கு அடியில் தண்ணீர் வெளியேறும் குழாயின் சுவரில் பொத்தான் அளவு சென்சார்களைப் பொருத்தினாள். வேகமாக ஓடும் தண்ணீரில் குமிழிகள் உண்டாகி, இரும்பின் அருகே உடையும்போது சுத்தியல் மாதிரி அடிக்கும். அந்த அடிகளைத்தான் சென்சார் எண்ணியது. முழு ஓட்டத்தில் நொடிக்குப் பத்துப் பதினைந்து. கால்வாசிக்குக் குறைத்ததும் ஆயிரத்தைத் தாண்டியது.

“இங்கன பாருங்கண்ணே, ஒங்க வெல்டிங்ல தப்பே இல்ல. மூணு வருசமா தண்ணி கம்மியானாலும் நிறுத்தாம ஓட்டுறாக. அதான் இரும்பத் திங்குது.”

“இத எழுதுவியாத்தா?”

“ரிப்போர்ட்ல எழுதாம இருப்பனா?”

எழுதவும் செய்தாள். தண்ணீர் குறைந்தால் மிசினை நிறுத்த வேண்டுமென்று உத்தரவு வந்தது. நோட்டீஸ் மட்டும் ரத்தாகவில்லை. இத்ரீஸ் நேரில் போய், அந்த ரிப்போர்ட்டில் ஒரு நகல் கேட்டார்.

“அது கம்பெனி பேப்பருய்யா, ஒனக்கெதுக்கு?” என்றார் ஈஸ்வரபாண்டி.

இத்ரீஸ் தேவயானிக்குப் போன் செய்து நகல் கேட்டார். “வெளிய காட்ட மாட்டேன்னு எழுதி வாங்கிக்கிட்டுத்தாண்ணே உள்ளயே விட்டாக,” என்று அழுதாள். அவளைத் திட்டவும் அவருக்கு மனம் வரவில்லை.

மறுவருடம் ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு இரும்புக் கம்பம் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, மின் நிலையத்துப் பழைய கூட்டாளி வேல்பாண்டி வந்தான்.

“கோவிச்சுக்காத பாய். டர்பைனத் தெறந்தாக. ஒரு குழி இல்ல. புது வெல்டருக்கு வேலையே இல்ல. நீ போன பெறகு பிளேடு கண்ணாடியாட்டம் இருக்கு. அப்ப ஒன் வெல்டிங் மட்டம்னு மேனேஜர் சொன்னது நெசந்தான போல?”

இத்ரீஸ் குமிழியைச் சொன்னார், சென்சாரைச் சொன்னார், கால்வாசி ஓட்டத்தைச் சொன்னார். காய்ச்சலில் பிதற்றுகிறவனுக்குத் தலையாட்டுவதுபோல வேல்பாண்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பாதியிலேயே இத்ரீஸ் நிறுத்திக்கொண்டார். வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தார்.