கயிறில்லாமல் அம்பா வராது

பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நிப்றாஸ் மறுபடியும் குனிந்து பார்க்கிறார். எரிகிறது. ஆனாலும் அதன் மேலிருந்த உப்பு ஈரத்தைப் பெருவிரலால் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்க்கிறார். "மினுங்கினா பதியல்ல. நிண்டு எரிஞ்சாத்தான் பதியுது" என்று, பக்கத்தில் உதவிக்கு நிற்கும் நான் கேட்காமலே சொல்கிறார்.

கிண்ணியாவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். கல்யாண வீடுகளில் காது கிழியப் பாட்டுப் போடுகிற அதே மனிதர், திருகோணமலைத் துறைமுகக் கரையில் நடக்கும் வேரிசை என்னும் நாட்டார் இசை விழாவுக்கு வந்தால் இருமவும் பயப்படுவார். மேடையில் பாடுவதையெல்லாம் நேரடியாகப் பதிவது அவர் பொறுப்பு. போன வருஷம் ஊர் ஊராகப் பாடித் திரியும் பக்கீர் பாவா ஒருவர் தாயிறா என்ற கைப்பறையைத் தட்டிப் பாடியபோது பொத்தானை ஒருதரம்தான் அழுத்தியிருந்தார். இரண்டுதரம் அழுத்த வேண்டும். விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது, பாட்டு பதியவில்லை. நோன்புக்கு முன்னமே பாவா மௌத்தாகிவிட்டார், பாட்டும் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. சூடு கண்ட பூனை என்பார்கள். இந்தப் பூனையோ அடுப்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. சாப்பாடு, தேநீர் எல்லாம் கருவிக்குப் பக்கத்திலேயே.

இந்த வருஷம் முதலில் வெளிநாட்டுப் பேஞ்சோக் குழு ஒன்று வாசித்தது. நன்றாகப் பதிந்தது. நிப்றாஸுக்கு அதில் நிம்மதி இல்லை.

"அவங்கட பாட்டு எங்கயும் எடுக்கலாம். இராஜநாயகம் அண்ணன்ட அம்பா ஒரு இடத்திலயும் இல்ல."

கரைவலை இழுப்பவர்கள் கயிற்றோடு பாடுவது அம்பா. சல்லிக் கிராமத்தில் அதற்கு முன்பாட்டுச் சொல்லும் இராஜநாயகம் அடுத்த மாதம் மகளிடம் கனடாவுக்குப் போகிறார். இனி வருவது சந்தேகம்.

சலவைச் சட்டையோடு மேடையேறிய இராஜநாயகம் இரண்டு அடி பாடினார். மூன்றாவது அடியில் குரல் இறங்கிவிட்டது.

"கையில பாரம் இல்லாமல் மூச்சு எழும்புதில்லை. கயிறு ஒண்டு வேணும்."

மேடை, விளக்கு, பொன்னாடை எல்லாம் யோசித்த விழாக்காரர் ஒருவருக்கும் கயிறு ஞாபகம் வரவில்லை. கரையில் கிடந்த தோணியிலிருந்து அவிழ்த்து வந்தார்கள். ஒரு நுனியைப் பிடித்த இராஜநாயகம் சபையை ஒருமுறை அளந்து பார்த்தார். அங்கே ஆகக் கனத்த ஆள் நிப்றாஸ்தான்.

"நீங்கள் வாங்கோ தம்பி. உங்கட உடம்பு காணும்."

"ஏலாது அண்ணன். நான் வந்தா இதை யாரு பாக்கிற?"

"பாட்டு வந்தால்தானே பாக்கிறதுக்கு."

நிப்றாஸ் விளக்கைப் பார்த்தார். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "நிண்டு எரியோணும்" என்றார், கெஞ்சுகிற குரலில். பிறகு மேடையேறி, கயிற்றின் மறு நுனியை இடுப்பில் சுற்றி, கருவிக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்தார். கயிறு விறைத்தது. அம்பா எழுந்தது. கூட்டத்திலிருந்த சல்லிக்காரர் தாமாகவே பின்பாட்டுக் கொடுத்தார்கள்.

நிப்றாஸ் ஒருதரமும் திரும்பவில்லை. அவருடைய பெருவிரல் மட்டும் கயிற்றின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது.