சுண்ணாம்புக் கோடு போட்ட பனை

மாசி முதல் வாரம், வியாழக்கிழமை, காலை ஆறு இருபது: ஓமந்தூர் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு பனையின் உச்சியில், காக்கைகள் விட்டுப்போன பழைய கூட்டில், செந்தலை வல்லூறு அடைகாக்கிறது. குறிப்பேட்டில் இந்த வரிக்குக் கீழே இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். புறா அளவுதான் இருக்கும். தலை செங்கல் நிறம், முதுகு சாம்பல். பறந்து போகும் குருவியை ஆணும் பெண்ணும் சேர்ந்து துரத்திப் பிடிக்கும். வல்லூறுகளைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். கூட்டை நேரில் பார்த்தது அன்றுதான்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துப் பள்ளி ஒன்றுக்கு ரயிலில் போய்வரும் ஆசிரியை நான். ரயிலுக்கு முன் கிடைக்கிற கொஞ்ச நேரமும் ஞாயிற்றுக்கிழமைகளும்தான் பறவைகளுக்கு. அந்தக் கரையில் ஐம்பதுக்கு மேல் பனைகள். கிட்டே போனால் தாய் எழுந்துவிடும். தள்ளி நின்றால் எந்த மரம் என்று குழம்பிவிடும். மூன்று நாள் தவறான பனையைப் பார்த்துக்கொண்டு நின்றபின், கொஞ்சம் சுண்ணாம்பைக் குழைத்து அடிமரத்தில் மார்பளவு உயரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு போட்டேன். நல்ல யோசனை என்று அதையும் எழுதிவைத்தேன்.

பங்குனி கடைசி ஞாயிறு. குஞ்சுகள் பொரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏழு மணிக்குப் போனபோது பறவைகள் இரண்டும் கத்திக்கொண்டே பனையைச் சுற்றி வந்தன. மரத்தில் பாதிக்கு மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார், இடுப்பில் அரிவாளோடு. கரைப் பனைகளில் அந்த வருஷம் நுங்கு வெட்டக் குத்தகை எடுத்தவர். கீழே அவர் மனைவி கோணியை விரித்துக்கொண்டிருந்தார். குலையை எட்ட முதலில் மட்டைகளைக் கழிக்க வேண்டும். அந்த மட்டைகள்தான் கூட்டுக்கு நிழல். நிழல் போனால் வெயிலுக்கும் காக்கைக்கும் தப்பி ஒரு குஞ்சும் மிஞ்சாது.

"அண்ணே, அந்த மரம் வேணாம், எறங்குங்க" என்று கத்தினேன்.

"குறுக்க நிக்காதீங்கம்மா, தலையில உழுந்தா பேஜாரு" என்றார் மனைவி.

"மேல கூடு இருக்குங்க. குஞ்சு இருக்கு."

"காக்கா கூடுதான?" என்றது மரத்திலிருந்து குரல்.

அப்போது பெண் வல்லூறு பாய்ந்து அவர் தலைப்பாகையில் அடித்தது. அவர் மரத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு, இன்னும் இரண்டு எட்டு ஏறி எட்டிப் பார்த்தார்.

"அடியே, இது காக்கா இல்லடி. மூணு கீது. பஞ்சு மாதிரி. என்னையே மொறச்சிக்கினு கீதுங்க."

"நீயும் மொற. ஜல்தி வெட்டிட்டு எறங்கு."

அரிவாளைத் தொடாமலே இறங்கினார். தலைப்பாகையை அவிழ்த்துப் பார்த்தார். கீறல் துணியோடு நின்றிருந்தது. பிறகு அடிமரத்துக் கோட்டை விரலால் தடவினார். குலை பதமாக இருக்கும் மரங்களுக்கு முன்கூட்டியே சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்து, கோட்டைப் பார்த்து ஏறிக்கொண்டே போவது அவர் வழக்கமாம். எனக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

"இத்த நான் போடல. என் கோடு ரெண்டு வெரல் இருக்கும்."

"அப்ப மரமே போட்டுக்கிச்சா?" என்றார் மனைவி.

"நான்தாங்க போட்டேன்" என்றேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இன்னா வேல பண்றீங்க?"

"டீச்சருங்க."

"நல்லா கீது டீச்சர். நீங்களே பத்திரிக வச்சிட்டு, வந்தவங்கள வாசல்ல நிக்க வச்சி வராதன்னா எப்டி?"

குத்தகைக்காரர் மடியிலிருந்த சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, என் கோட்டின் குறுக்கே சாய்வாக இன்னொரு கோடு இழுத்தார். "இப்டி இருந்தா எவனும் ஏறமாட்டான்." பிறகு இரண்டு பக்கத்து மரங்களுக்கும் அதேபோல் போட்டார்.

"அது ரெண்டும் நல்லா காய்ச்சிக் கீதே" என்றார் மனைவி.

"இருக்கட்டும். பக்கத்துல மட்டைய வெட்டினா இதுங்க பயந்துடும்."

அதை நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. இருவரும் கோணியைச் சுருட்டிக்கொண்டு கரையின் மறுகோடிக்குப் போனார்கள். தாய் திரும்புமா என்று பயந்தபடி வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஏழு ஐம்பத்திரண்டுக்குத் திரும்பியது, காலில் ஒரு குருவியோடு.

சித்திரை இரண்டாம் வாரத்தில் முதல் இரண்டு குஞ்சுகள் பறந்ததைப் பார்த்தேன். மூன்றாவது, எல்லாவற்றிலும் சிறியது, கூட்டின் விளிம்பில் இறக்கையை அடித்துக்கொண்டே நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் விடைத்தாள் திருத்த நான் விழுப்புரம் போக வேண்டியிருந்தது. பத்து மணிக்கு, என் நம்பரை வாங்கிவைத்திருந்த குத்தகைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், மூணாவதும் போயிடுச்சி."

"நல்லா பறந்துச்சா? கீழ விழலையே?"

"உழுவல. நேரா ஏரிக்கு அந்தாண்ட கருவேல மரத்துல போயி உக்காந்துச்சி. பல்லு வெளக்கிக்கினு இருக்கசொல்ல பாத்தேன். அம்மாக்காரி பின்னாலயே போனா."

போன் கைமாறியது. "டீச்சர், இனிமே அந்த மரத்துல ஏறலாமா?" என்றார் மனைவி.

"ஏறலாங்க."

"ஏறி இன்னா பண்றது? மூணு மரமும் முத்திப் போச்சி. கடிச்சா பல்லுதான் போவும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு நன்றி சொன்னேன்.

"இருக்கட்டும் டீச்சர். அடுத்த வாட்டி கோடு போடசொல்ல எங்கள ஒரு வார்த்த கேளுங்க."