பிரீத்தி லா பாஸுக்குப் போன கதை

பிரீத்தி ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் விசா சந்தேகம் என்றால் தெரிந்தவர்கள் வக்கீலுக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மருந்துக் கம்பெனி ஒன்றில் பத்து வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவன் விட்ட தப்பைத் தோண்டி எடுப்பதற்குத்தான் சம்பளமே. அப்பேர்ப்பட்டவள் கண்ணிலேயே ஒரு விதி தப்பியது. என்னத்தைச் சொல்ல!

அவள் பாஸ்போர்ட்டில் இருந்த விசா ஸ்டாம்ப் இரண்டு வருடத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை அதனால் குடிமுழுகிப் போகாது. தங்கவும் வேலை பார்க்கவும் அனுமதிக் கடிதம் இருந்தால் போதும். வெளியே போனால்தான் வம்பு. ஊருக்குப் போய்ப் புது ஸ்டாம்ப் வாங்காமல் திரும்ப முடியாது. அதற்கு எத்தனை மாதம் ஆகுமோ, அதற்குள் வேலை இருக்குமோ இருக்காதோ. அந்த வேலை போனால் அவள் விசாவை நம்பி இருக்கும் கணவன் கௌசிக்கும் ஐந்து வயது மகள் ஓவியாவும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்தப் பயத்தில்தான் மார்ச் மாதம் பொள்ளாச்சியில் அப்பா செத்தபோது அவள் போகவில்லை. யாரோ போனைத் தூக்கிப் பிடிக்க, அண்ணன் செழியன் கொள்ளி வைப்பதைக் கிச்சனில் நின்றபடி பார்த்தாள். பிறகு அண்ணனிடம் ஸ்டாம்ப் விவரத்தையெல்லாம் எடுத்துச் சொன்னாள். "சரி கண்ணு" என்றான். அதற்குப் பின் அவனாகக் கூப்பிடவே இல்லை.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. ஆபீஸில் ஷ்ரேயா, சுஹாஸ் என்று இரண்டு இளசுகள். ஜெர்சியிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். வருடா வருடம் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார்கள். இந்த நவம்பரில் பொலிவியா. "நீயும் வா" என்றார்கள். கௌசிக்கும், "போய்ட்டு வா பிரீத்தி. நாலு நாள்தானே, நான் பாப்பாவ மேனேஜ் பண்ணிக்கறேன்" என்றான்.

ஸ்டாம்ப்? வாட்ஸ்அப் குரூப்பில் ஷ்யாமளா ஆன்ட்டி எழுதியிருந்தார்: காலாவதியான ஸ்டாம்ப்போடு கான்குன் போய், அனுமதிக் கடிதத்தைக் காட்டித் திரும்பி வந்தாராம். முப்பது நாளுக்குள் திரும்பினால் பிரச்சினையே இல்லையாம். பொலிவியாவோ இந்தியர்களுக்கு ஏர்போர்ட்டிலேயே விசா கொடுக்கிறது. அவ்வளவுதான், டிக்கெட் போட்டுவிட்டாள். கான்குன் மெக்ஸிகோவில் இருக்கிறது, அவள் போகும் லா பாஸ் பொலிவியாவில் இருக்கிறது என்பது ஓவியாவுக்குக்கூடத் தெரியும். போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்போது யார் விதியை முழுசாகப் படிக்கிறார்கள்?

லா பாஸில் முதல் நாள் தலை வெடித்தது. பன்னிரண்டாயிரம் அடி உயரம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில், அந்த உயரத்துக்கு மருந்து என்று கொடுத்த கோக்கா இலை டீயைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் நாள் சந்தையில் லாமா என்னும் ஒட்டகச் சாதி விலங்கின் குட்டிகளைக் காயவைத்துத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு கட்டும்போது பூமிக்குக் காணிக்கையாக மண்ணுக்குள் புதைப்பார்களாம்.

மூன்றாம் நாள் ரோப் காரில் ஏறினார்கள். அங்கே அதுதான் டவுன் பஸ். கீழே இடுகாடு வந்தது. அடுக்கடுக்காகச் சுவர்கள், சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருவர். ஒரு பெண் ஏணியில் ஏறி நின்று கண்ணாடியைத் துடைத்துப் பழைய பூவை எடுத்துப் புதுப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். பிரீத்தி ஓவென்று அழுதுவிட்டாள்.

ஷ்ரேயா பதறிப்போய், "ஆர் யூ ஓகே?" என்றாள்.

"எங்கப்பாக்கு நான் ஒரு பூ கூட போடல ஷ்ரேயா. ஸ்டாம்ப், ஸ்டாம்ப்னு பயந்தே ஒக்காந்துட்டேன்."

ஷ்ரேயா கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

நான்காம் நாள் ஏர்போர்ட் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். "விசா எக்ஸ்பயர்ட்" என்றாள். பிரீத்தி கடிதத்தை நீட்டினாள். முப்பது நாள் விதியைச் சொன்னாள். குரல் உயர்ந்தது. மேலதிகாரி வந்தார், கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்தச் சலுகை கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் மட்டும் என்று போட்டிருந்தது. மூன்று முறை படித்தாள். வாக்கியத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

"ஆன்லைன்ல ஏதாவது அப்ளை பண்ண முடியாதா?" என்று சுஹாஸ் ஆங்கிலத்தில் கேட்டான். அமெரிக்க பாஸ்போர்ட்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! கடைசி அழைப்புவரை இரண்டு பேரும் கூடவே நின்றார்கள். அப்புறம் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள்.

கௌசிக் வக்கீலிடம் பேசிவிட்டுக் கூப்பிட்டான். "இந்தியால மட்டும்தான் ஸ்டாம்பிங் பண்ண முடியுமாம். சென்னைல ஏழு மாசத்துக்கு டேட் இல்ல. ஆபீஸ்ல அதுவரைக்கும் வெயிட் பண்ணுவாங்களான்னு..." பின்னாலிருந்து ஓவியா, "இஸ் அம்மா ஆன் த ப்ளேன்?" என்று கேட்டது காதில் விழுந்தது. பிரீத்தி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

போக அவளுக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது. செழியனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் ஊருக்கு வர்றனுங்ண்ணா."

"அப்பனுக்கு வராதவ, இப்ப எதுக்கு கண்ணு வர்றே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஸ்டாம்பிங்குக்குங்ண்ணா."

"வா" என்றான் செழியன். "எதுக்கு வர்றேன்னு அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அத நீயே சொல்லிக்கோ."