ஆண்டியப்பனின் வானுக்கு நான் செய்த உதவி

மாங்குளத்தில் ஒருவர் வான் வண்டி ஏசியின் கசிவை உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தால் அடைத்துவிட்டாராம். சந்திக் கடையில் யாரோ சொன்னதை, பாண் வாங்கப் போன விமலேஸ்வரி கேட்டு வந்து எனக்குச் சொன்னார். அவர் சொன்னது சிரிப்பதற்காக. நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

காணி அலுவலாகக் கனடாவிலிருந்து வந்த நான், உருத்திரபுரத்தில் அவர்களுடைய வீட்டு முன்னறையில் இரண்டு மாதமாக வாடகைக்கு இருக்கிறேன். விமலேஸ்வரியின் கணவர் ஆண்டியப்பன் வான் ஓட்டுபவர். தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே வயல் செய்தவர். மகனுக்குச் சேற்றைவிடக் கிறீஸ் பிடித்திருந்தது. கட்டாரில் நாலு வருடம் பஸ்களுக்கு ஏசி திருத்தியவர் என்பதால், எந்தக் கராஜுக்கும் போகமாட்டார். எல்லாம் வீட்டு முற்றத்திலேயே.

அன்று ஏசி குளிரவில்லையென்று சவர்க்காரத் தண்ணீரை நுரைத்து, குழாய்ப் பொருத்துகளில் தூரிகையால் பூசினார். ஒரு நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழிகள் வந்தன. அங்கேதான் காஸ் போகிறது, உள்ளே இருக்கிற றப்பர் வளையம் செத்துவிட்டது என்றார். வவுனியாக் கடைக்குப் போன் எடுத்தார். அவர்கள் புது வளையத்தைப் பஸ் றைவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதை மறித்து வாங்க ஏ9 வீதிக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்.

"அண்ணை, ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டே போனார்.

மனிதர் என்னை அறிந்து வைத்திருந்தார். கடவுச்சீட்டு இருக்கிறதா என்று நாலு முறை பார்க்காமல் சந்திக்குக்கூடப் போகாதவன் நான். மறுநாள் விடிய அவர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுவிஸிலிருந்து வரும் ஒரு குடும்பத்தை ஏற்ற வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறோம், ஏசி இல்லாவிட்டால் வேறு வான் பார்ப்போம் என்று அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால், ஆவணியில் கல்யாணத்துக்கு வரும் அவருடைய சொந்தக்காரர் மூன்று குடும்பங்களும் ஆண்டியப்பனுக்குத்தான். பஸ் பிந்தினால்? வளையம் அளவில்லாவிட்டால்? அவருக்கு வராத கவலையெல்லாம் எனக்கு வந்தது.

சவர்க்காரக் கட்டியை எடுத்து நட்டைச் சுற்றி அப்பினேன். குமிழி நிற்கவில்லை. போனில் ஆங்கிலக் கையேடு ஒன்றைத் திறந்தேன். நட்டை இறுக்கும்படி மூன்றாம் பக்கம் சொன்னது. இறுக்கினேன். இன்னும் கொஞ்சம். அலுமினியக் குழாய் பிழிந்த துவாய்போல முறுகி வெடித்து, உஸ்ஸென்று காஸ் முழுவதும் போய்விட்டது. அளவுக்கு மேல் இறுக்கினால் குழாய் முறியும் என்பது நாலாம் பக்கம். அதைப் பிறகுதான் வடிவாக, எழுத்தெழுத்தாக வாசித்தேன். மனதுக்குள் தமிழிலும் பெயர்த்துப் பார்த்தேன், பொருள் மாறவில்லை.

சமையலை விட்டுக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்த விமலேஸ்வரி, "உடுப்புத் தோய்ச்சு முடிஞ்சுதோ அண்ணை?" என்று கேட்டார்.

ஆண்டியப்பன் சேட்டுப் பையில் வளையத்தோடு திரும்பி வந்தார். குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். என்னைத் திட்டி ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். புதுக் குழாய் கொழும்பிலிருந்து வர மூன்று நாளாகும் என்று மட்டும் சொன்னார்.

சுவிஸ்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் போய் ஏற்றிவிட்டால் என்ன, விடியப்புறம் குளிர்தானே என்று யோசனை கொடுத்தேன்.

"பிள்ளைக்காரி, அண்ணை. வெயில் ஏறினால் வழியில அவிஞ்சு போவினம். இப்ப சொன்னால் வேற வானாவது பிடிக்கலாம்."

சொல்லிக்கொண்டே அந்த அம்மாவின் இலக்கத்தை அழுத்தி, போனை என் கையில் தந்தார். "நீங்களே கதையுங்கோ. உடைச்ச விதம் உங்களுக்குத்தானே வடிவாத் தெரியும்."

என்னைக் காட்டிக்கொடுக்காத ஒரு முதல் வசனத்தைத் தேடினேன். ஆண்டியப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். போனின் மறுமுனையில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.