கீழிருந்து கட்டிய ரிப்பன்கள்

அந்த ஆற்றுப் பாதையைப் பொதுவாக மூன்று நாளில் நடப்பார்கள். பெக்கோக் என்ற சிற்றூருக்கு மேலே மரம் வெட்டும் சாலை முடியும் இடத்தில் அது தொடங்குகிறது. ஆற்றை ஒட்டியே இறங்கி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தின் இரும்புக் கதவருகே வெளியே வருகிறது. அதை ஒரே நாளில் ஓடி முடிக்க வேண்டும் என்பது என் அக்காவின் கணவருக்கு வந்த ஆசை. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். உயரமானவர். செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். யோங் பெங்கில் வீடு.

"மூணு நாள் நடக்கறவன் மூணு நாளும் சுடுதண்ணியில ஊறவச்ச பாக்கெட் மீ திங்கிறான், மச்சான். நாம விடியக்காலம் எறங்குனா சாயங்காலம் பெக்கோக்ல ஒக்காந்து சோறு சாப்பிடலாம்."

"காட்டுல வழி தப்பிட்டா?"

"அதுக்குத்தான் ரிப்பன் கட்டறேன். உன் பேப்பர் மாதிரியா? நேத்து தப்பாப் போட்டுட்டு இன்னிக்கு மூலையில திருத்தம் போடுவீங்க."

நான் நாளிதழ் ஒன்றில் மாவட்டச் செய்தியாளன். அந்தக் கிண்டலை வாரம் ஒருமுறையாவது கேட்டிருக்கிறேன்.

அக்கா வீட்டில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். மிச்சம் விழுந்த ரோஸ் நிறத் துணியை அவளே நீளநீளமாக வெட்டிக் கொடுத்தாள். காட்டுப் பச்சையில் அது தூரத்திலிருந்தே தெரியும். மாமா வார இறுதிகளில் தனியாகப் போனார். தோட்டத்துக் கதவருகே வண்டியை நிறுத்திவிட்டு, கீழிருந்து மேலாகக் கட்டிக்கொண்டே ஏறுவார். ஒவ்வொரு முறையும் சென்ற முறை விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கடைசி முறை சனிக்கிழமை போய், காட்டிலேயே படுத்து, ஞாயிறு மாலை வீடு திரும்பினார். மேல்முனை வரை கட்டி முடித்துவிட்டதாகச் சொன்னார். அன்று இரவு நெஞ்சை என்னமோ செய்கிறது, காற்றுப் பிடித்திருக்கும் என்றார். அக்கா கடையிலிருந்து புதிதாகத் தைலம் வாங்கி வரச்செய்து முதுகிலும் நெஞ்சிலும் தேய்த்துவிட்டாள். புதன்கிழமை காலை, தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில், வண்டிக் கதவைத் திறந்துகொண்டே விழுந்தார். காவலாளி ஓடி வந்தபோது உயிர் இல்லை.

மாரடைப்புக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்கலாம் என்று மருத்துவமனையில் யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். அக்கா அந்த வார்த்தையை விடவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு என்னிடம் கேட்டாள்.

"நான் ஏண்டா கிளினிக்குக் கூட்டிட்டுப் போகல? தைலத்தத் தேய்ச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"காடு முழுக்க ஏறி முடிச்சுட்டேன்னு சொன்னாரே. அவ்ளோ தூரம் ஏறின மனுசனுக்கு என்ன வந்திருக்கப் போவுதுன்னு நெனச்சேன்."

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றிருந்தாள். அவர் முழுவதும் ஏறி முடித்தார், ஆகவே அவளுக்குத் தெரிய வழியில்லை. காட்டில் ஓடுகிற எங்கள் பழக்கத்தில், வழிக்குக் கட்டிய ரிப்பனை ஓட்டம் முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். "போயி கழட்டிட்டு வந்துடு. அவரு துணி காட்டுல தொங்க வேணாம்" என்றாள். சரி, அவர் சொன்னபடியே ஒரே நாளில் ஓடி அவிழ்த்து வருகிறேன் என்றேன்.

மேல்முனைக்கு ஒரு பிக்கப்பில் என்னை ஏற்றிச் சென்றவர் அந்தப் பக்கத்து மலாய்க்காரர். இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் என் காலணியைப் பார்த்தார். "ஹாத்தி-ஹாத்தி, பாங்," என்றார். பார்த்துப் போங்கள் அண்ணே என்று அர்த்தம். அவர் வண்டியின் ஓசை அடங்கியதும் ஆற்றின் ஓசை கேட்டது. ஆற்றை இடது கைப் பக்கம் வைத்துக்கொள் என்பது மாமா சொன்ன வழி. அப்படியே இறங்கினேன்.

ரிப்பன் இல்லை.

முதலில் குரங்குகள் பிய்த்திருக்கும் என்று நினைத்தேன். யானைச் சாணத்தைப் பார்த்ததும் யானை என்று நினைத்தேன். பிறகு மழை. ஒரு விஷயத்துக்கு மூன்று காரணங்கள் வரிசையில் நின்றால் மூன்றும் சரியில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முடிச்சு அவிழ்ந்து போனாலும் ஒரு நூலாவது சிக்கியிருக்கும். ஒன்றும் இல்லை. வேர்களைத் தாண்டி, பிரம்பு முள் சட்டையைக் கிழிக்க, ஆற்றைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். இரண்டு இடங்களில் பாதை பிரிந்தது. தண்ணீர்ப் பக்கமாகப் போனேன். வெயில் மரங்களுக்கு மேலே நேராக வரும்வரை இப்படியே போயிற்று.

ஓர் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் தட்டையான பாறை ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு ரோஸ் துணி கிடந்தது. கட்டப்படவில்லை. மேலே ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. பாறைக்குப் பின்னால் மரத்தின் கவட்டில் ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு. மிச்சமிருந்த ரிப்பன்கள் எல்லாம் மடிப்புக் கலையாமல் அதில் இருந்தன. பாறையின் அடியில், சருகில், பச்சை நிறத் தைலப் பாட்டில். காலியாக இருந்தது. மூடி ஒழுகும் என்பதால் கழுத்தில் அதே ரோஸ் துணியைச் சுற்றி நூலால் தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

நான் அந்தப் பாறையில் உட்காரவில்லை. தண்ணீர் குடித்தேன். துணியையும் ரிப்பன் கட்டையும் பையில் போட்டு, பாட்டிலைத் தனியே வைத்துக்கொண்டேன். பிறகு அவிழ்த்துக்கொண்டே ஓடத் தொடங்கினேன்.

அடுத்த சில ரிப்பன்களில் முடிச்சே இல்லை. இலைமேல் போட்டபடி தொங்கின. அதற்குக் கீழே வந்தவற்றில் ஒற்றை முடிச்சு இருந்தது, ஆனால் என் இடுப்பு உயரத்தில். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். கையைத் தூக்காமல் கட்டியிருக்கிறார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே தூரம் அதிகம். தேடித்தேடித்தான் கண்டுபிடித்தேன். சில இடங்களில் ரிப்பன் இருந்த மரத்தடியில் சருகு நசுங்கியிருந்தது போல் தோன்றியது. அவ்வளவு நாள் கழித்து அப்படித் தெரியாது. அதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

இன்னும் இறங்க, ரிப்பன்கள் நெஞ்சு உயரத்துக்கு வந்தன. பிறகு தோள் உயரம். அவர் சனிக்கிழமை படுத்த இடத்தைத் தாண்டினேன். கரி இருந்தது, ஒரு மீ பாக்கெட் உறை இருந்தது. என்னிடம் அவ்வளவு கேலி பேசிவிட்டு அவரும் அதைத்தான் தின்றிருக்கிறார். எடுத்துப் பையில் வைத்தேன்.

அதற்குக் கீழே முந்தைய வாரங்களின் ரிப்பன்கள். இரட்டை முடிச்சு. இரண்டு நுனியும் ஒரே அளவு. வளைவுக்கு வளைவு, ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும்படி. எட்டி அவிழ்க்க வேண்டியிருந்தது. தோட்டம் நெருங்க நெருங்க இன்னும் உயரே போயின. ஓரிடத்தில் சும்மா விளையாட்டுக்கு, குதித்துத்தான் கட்டியிருக்க முடியும் என்ற உயரத்தில் ஒன்று. அதன் நுனியில் பூ மாதிரி முடிச்சு. நானும் குதித்தேன். மூன்றாவது முறைதான் பிடிபட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் குணமாகிக்கொண்டே வந்தார். நான் கதவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.

பாட்டிலை ஆற்றில் விட்டிருக்கலாம். தண்ணீர் என் கைக்கு எட்டும் தூரத்திலேயேதான் இருந்தது.

கதவருகே அக்கா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். செம்பனை ஓலைகளுக்குப் பின்னால் வெயில் சாய்ந்திருந்தது.

"முடிச்சுட்டியா?"

"ம்."

"கால்ல அட்டைய பாரு. மொதல்ல அத எடு."

எடுத்தேன். ரிப்பன் பையை அவள் மடியில் வைத்தேன். கையை விட்டு அள்ளினாள். சுருங்கியும் சேறு படிந்தும் இருந்தவற்றுக்கு நடுவே அந்தக் கட்டு வந்தது.

"இது கட்டவே இல்லையே."

"இல்லக்கா. பாதியிலதான் திரும்பியிருக்காரு. மேல ஒண்ணும் இல்ல."

"முடிச்சேன்னு சொன்னாரே."

பாட்டிலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கினாள். கழுத்துத் துணியை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"இதத்தான்டா அன்னிக்கு ராத்திரி தேடுனேன். ஹேண்ட்பேக், தையல் மிசின் டிராயர், எல்லாம் கொட்டிப் பாத்தேன்." நிறுத்தினாள். "அவரும் கூடச் சேந்து தேடினாரு. சோபாவுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாத்தாரு."

தோட்டத்து லாரி ஒன்று பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. தூசி உள்ளே வந்தும் அவள் கண்ணாடியை ஏற்றவில்லை.

"அங்கேருந்து தனியாவா நடந்து வந்தாரு?"

"ஆமா."

"எவ்ளோ தூரம் இருக்கும்?"

அவள் மடியில் கிடந்த ரிப்பன்களைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

பிறகு வண்டியைக் கிளப்பாமல், ஒரு ரிப்பனை எடுத்துத் தொடைமேல் வைத்து நீவினாள். நான்காக மடித்து டாஷ்போர்டில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். நான் பொட்டலத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இருட்டி, துணியின் நிறம் தெரியாமல் போன பிறகும் அவள் மடித்துக்கொண்டிருந்தாள்.