எந்தப் பக்கமும் சேராத தீர்மானம்

பச்சையாத்துப்பேட்டையில் ஷம்ஸியாவைத் தெரியாதவர் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிறாள். குடிதண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை போட்டே பேர் வாங்கி, சுயேச்சையாக நின்று பேரூராட்சி உறுப்பினர் ஆனவள். இரண்டு கட்சிக்காரர்களும் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். "மிஷின் மிதிக்கவே நேரம் பத்தல அண்ணாச்சி" என்று சிரித்தே அனுப்பிவிட்டாள்.

அவள் கணவன் அனஸுக்கு வளைகுடாவில், ஒரு துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. சித்திரை பிறந்த கையோடு அங்கே போர் மூண்டு, துறைமுகத்தில் குண்டு விழுந்தது. நம் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்கப் போயிருந்தவர்களோடு அனஸும் ஒரு ரொட்டிக்கடையின் நிலவறையில் ஒதுங்கினான். கடைக்காரி அந்த நாட்டுக்காரி. இருக்கிற மாவில் இவர்களுக்கும் சேர்த்துச் சுட்டுக் கொடுத்தாள். அவளுடைய சின்ன மகளுக்கு மூச்சிரைப்பு. மருந்துக்கு வழியில்லை.

ஊரிலோ தெருவுக்குத் தெரு மேடை. ஒரு கட்சி ஒரு நாட்டின் பக்கம், இன்னொரு கட்சி மறு நாட்டின் பக்கம். பேரூராட்சிக் கூட்டத்திலும் அதுவே வந்து நின்றது. தலைவி பிரம்மநாயகி ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். எதிர்க்கட்சி உறுப்பினர் ரசீத் அதற்கு நேர்மாறாக ஒன்றை நீட்டினார். மேசையைத் தட்டினார்கள், நாற்காலியைத் தள்ளினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கைதட்டினார்கள்.

ரசீத் ஷம்ஸியா பக்கம் திரும்பினார். "நீ நம்ம புள்ளதானம்மா, நம்ம தீர்மானத்துக்குக் கை தூக்கு."

ஷம்ஸியா எழுந்து போய், மைக்கின் பக்கத்தில் தன் செல்போனைப் பிடித்தாள். காலையில் அனஸ் அனுப்பியிருந்த குரல் அது. பின்னால் ஒரு குழந்தை இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தமும் கேட்டது.

"இங்கன குண்டு விழுந்தா, யாரு போட்டான்னு ஒருத்தரும் கேக்கல ஷம்ஸியா. எம் புள்ள எங்கன்னுதான் கேட்டு ஓடுதாங்க."

ஷம்ஸியா போனை அணைத்தாள்.

"எந்த நாடு சரி, எது தப்புன்னு நம்ம தீர்மானத்துல வேண்டாம்" என்றாள். "சண்டைக்குச் சம்பந்தமில்லாத சனங்க வெளியேற வழி விடணும். ஆஸ்பத்திரி மேலயும் தண்ணி மேலயும் கை வைக்கக் கூடாது. மருந்து உள்ள போகணும். இதை மட்டும் போடுங்க."

"அடிச்சவனையும் அடிபட்டவனையும் ஒண்ணா வைக்கியா?" என்று ரசீத் கொதித்தார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஷம்ஸியா அதை மறுக்கவில்லை.

"அந்த நியாயத்தைக் கட்டாயம் பேசணும் அண்ணாச்சி, நானும் வாரேன். ஆனா அதைக் கேக்க அந்தப் புள்ள உயிரோட இருக்கணும்லா?"

பிரம்மநாயகி இறங்கி வந்தாள். "சரி, நம்ம ஆளுகளுக்கு வழி விடணும்னு மட்டும் போடுவோம்."

"நம்ம ஆளுக்கு நெலவறையில ரொட்டி சுட்டுப் போட்டாளே அந்த நாட்டுக்காரி, அவ யாரு ஆளு?" என்று கேட்டாள் ஷம்ஸியா.

பின்வரிசையில் இருந்து இஞ்ஞாசியம்மாள் எழுந்தாள். அனஸோடு அதே நிலவறையில் கிடந்த மீனவன் எட்வினின் தாய். மணப்பாட்டிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்திருந்தாள். "எம் மவனுக்குச் சோறு போட்டவ, அய்யா. அவளையும் அவ பிள்ளையையும் விட்டுட்டு ஒரு தீர்மானம் போட்டியன்னா, அது எனக்கு வேண்டாம்."

முதலில் கை தூக்கியவர் ரசீத். அவரைப் பார்த்தபடியே பிரம்மநாயகியும் தூக்கினாள். அப்புறம் மன்றத்தில் தூக்காத கையே இல்லை. அந்த மன்றத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுதான்.

ஷம்ஸியா அதோடு கடைக்குத் திரும்பிவிடவில்லை. இஞ்ஞாசியம்மாளைக் கூட்டிக்கொண்டு கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்திருநகரி என்று ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் போனாள். பள்ளிவாசலிலும் கோயில் வாசலிலும் மாதா கோவிலிலும் பேசினாள். ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். பிரம்மநாயகியும் ரசீத்தும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போய் அதிகாரிகளைப் பார்த்தார்கள். இரண்டு கட்சி எம்.பி.க்களும் டெல்லியில் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். எல்லைவரை பஸ் விட ஏற்பாடானது.

புறப்படும்போது அனஸ் போனில் கூப்பிட்டான். "நாங்க மட்டும் ஏறல. கடைக்காரம்மாவும் பிள்ளைகளும் எங்ககூடத்தான் வாராங்க." எல்லை தாண்டியதும் அந்தச் சின்னவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் மூச்சு சீரானது. ஷம்ஸியா கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் ஓடி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். முகம்தெரியாத அந்தப் பிள்ளைக்காக டீக்கடையில் எல்லாருக்கும் சர்க்கரை வழங்கினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் வந்து நின்றது. பிளாட்பாரம் கொள்ளாத கூட்டம். இரண்டு கட்சிக்காரர்களும் கொடியோடு வந்து, யார் முன்னால் நிற்பது என்று முண்டத் தொடங்கியிருந்தார்கள்.

"கொடியைச் சுருட்டுங்கலே!" என்று அதட்டியது ரசீத். பிரம்மநாயகி தன் கட்சிக்காரர்கள் கையிலிருந்ததைத் தானே வாங்கிச் சுருட்டினாள்.

எட்வின் இறங்கியதும் இஞ்ஞாசியம்மாள் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அனஸ் மெலிந்து, தாடி வளர்ந்து இறங்கினான். ஷம்ஸியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அனஸ் கூட்டத்தை ஒருதடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சிக் கூட்டம் இது?" என்று கேட்டான்.

"ஊர்க் கூட்டம்" என்றாள் ஷம்ஸியா.

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அது பிளாட்பாரம் முழுக்கப் பரவி, ரயில் கிளம்பிப் போன பிறகும் ஓயவில்லை.